குதிரையின் இதய ஒலிகளைப் பதிவு செய்வதும் அவற்றுக்குப் பொருள் காண்பதும்

ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரையின் இதயம் நிமிடத்திற்கு 28 முதல் 44 முறை வரைதான் துடிக்கிறது. துடிப்பு 36 என்று கொண்டால், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே ஏறத்தாழ 1.67 வினாடி கிடைக்கிறது. சிறிய விலங்குகளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விரையும் ஒலிகள், குதிரையில் இந்த நிதானத்தின் காரணமாகத் தனித்தனியே பிரிந்து கேட்கின்றன. அதனால் கேட்டுப் பழகுவதற்கும் பதிவு செய்து ஆராய்வதற்கும் குதிரையின் இதயம் மிகவும் ஏற்றது. கால்நடை மருத்துவ மாணவர்களையும், லாயத்தில் குதிரைகளின் உடல்நலத்தைப் பொறுப்புடன் கவனிப்பவர்களையும் மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

ஸ்டெத்தஸ்கோப்பை வைத்துக் கேட்டாலே போதாதா, பதிவு எதற்கு என்ற கேள்வி எழலாம். ஆறு மாதங்களுக்கு முன் கேட்ட ஒரு முணுமுணுப்பு (இதய ஒலிகளுக்கு இடையே கேட்கும் இரத்தச் சுழலின் ஒலி) எவ்வளவு நேரம் நீடித்தது, இரண்டாம் ஒலிக்கு முன் நின்றதா, அதைத் தாண்டியதா என்பதை நினைவிலிருந்து நம்பகமாகச் சொல்ல எவராலும் இயலாது. காது அந்த நேரத்துக்குச் சரியாகக் கேட்கும். நினைவோ வெகு விரைவில் தன் விருப்பப்படி திருத்திக்கொள்ளும். டச்சு உடலியல் அறிஞர் வில்லெம் ஐந்தோவன் 1894இல் இதய ஒலிகளை வரைகோடாகப் பதிவு செய்து காட்டிய காலத்தில் அதற்கு ஓர் ஆய்வுக்கூடமே தேவைப்பட்டது. இன்று ஒரு மின்னணு ஸ்டெத்தஸ்கோப்பும் ஒரு கைப்பேசியும் அதே வேலையைச் செய்கின்றன. ஆனால் கருவி எளிதாகிவிட்டதால் முறையும் எளிதாகிவிடவில்லை.

நான்கு ஒலிகள்

மனிதரில் வழக்கமாக இரண்டு இதய ஒலிகளே கேட்கும். நலமான குதிரையிலோ நான்கு ஒலிகள் வரை கேட்கலாம். அவை கேட்பது தன்னளவில் நோயின் அடையாளம் அன்று. மேலறைகள் சுருங்கி இரத்தத்தைக் கீழறைகளுக்குள் தள்ளும்போது எழும் மெல்லிய ஒலியை நான்காம் ஒலி என்கிறோம். பெயர் நான்காம் ஒலி என்றாலும் துடிப்பின் வரிசையில் அது முதலில் வருகிறது. அதைத் தொடர்ந்து, கீழறைகள் சுருங்கத் தொடங்கி, இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மிட்ரல் வால்வும் வலப்பக்கத்தில் அதற்கு இணையான மூவிதழ் வால்வும் மூடும்போது, நீண்டு கனத்த முதல் ஒலி எழுகிறது. ஏறத்தாழ அரை வினாடி கழித்து, பெருந்தமனி வால்வும் நுரையீரல் தமனி வால்வும் மூடுவதால், குறுகிக் கூர்மையான இரண்டாம் ஒலி வருகிறது. அதற்கு வெகு அருகில், கீழறைகள் விரைந்து நிரம்பி முடியும் கணத்தில், தாழ்ந்த மூன்றாம் ஒலி கேட்கலாம். ஆகவே ஒரு முழுத் துடிப்பின் வரிசை நான்கு, ஒன்று, இரண்டு, மூன்று என்றே அமையும். எல்லாக் குதிரைகளிலும் நான்கும் கேட்பதில்லை. ஒரே குதிரையில்கூட ஓரிடத்தில் மூன்றும் வேறோரிடத்தில் இரண்டும் கேட்கக்கூடும்.

முதல் ஒலிக்கும் இரண்டாம் ஒலிக்கும் இடைப்பட்ட குறுகிய இடைவெளி இதயம் சுருங்கும் காலம். இரண்டாம் ஒலி முதல் அடுத்த முதல் ஒலி வரையிலான நீண்ட இடைவெளி இதயம் விரிந்து நிரம்பும் காலம். இந்த ஒரு பாகுபாடு உறுதியாக மனத்தில் நின்றுவிட்டால், பின்னர் வரும் பொருள்கொள்ளலில் பாதி வேலை முடிந்தது. இது நிற்காவிட்டால், எத்தனை விலையுயர்ந்த கருவியாலும் பயனில்லை.

கருவியும் அமைப்புகளும்

பதிவு செய்யும் வசதி உள்ள மின்னணு ஸ்டெத்தஸ்கோப்பே வசதியானது. கம்பியில்லாமல் கைப்பேசிக்கு அனுப்பும் வகை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். குதிரையின் முன்னங்கால்களுக்கு அருகே தொங்கும் கம்பி, குதிரைக்கும் பதிவு செய்பவருக்கும் ஒருசேர ஆபத்து. இதய ஒலிகளின் பெரும்பகுதி 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்களுக்குள் அடங்கிவிடும் என்பதால், வினாடிக்கு 4,000 மாதிரிகள், 16 பிட் என்ற அமைப்பு போதுமானது. இந்த அமைப்பில் ஒரு நிமிடப் பதிவு அரை மெகாபைட்டைக்கூடத் தொடாது. ஆகவே எம்பி3 போன்ற சுருக்கும் வடிவங்களை நாட வேண்டிய தேவையே இல்லை. சுருக்கப்படாத வேவ் கோப்பாகவே சேமிக்க வேண்டும்.

கைப்பேசிகளும் சில செயலிகளும் இரைச்சலைத் தாமாகவே அகற்றவும், ஒலி குறைந்தால் தாமாகவே உயர்த்தவும் பழக்கப்படுத்தப்பட்டவை. பேச்சுக்கு உதவும் இந்த இரண்டு வசதிகளும் இதய ஒலிக்குக் கேடு செய்கின்றன. தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு துடிப்புகளுக்கு இடையிலான அமைதியை உயர்த்திக் காட்டி, இல்லாத முணுமுணுப்பை இருப்பதுபோல் தோன்றச் செய்யும். இரைச்சல் நீக்கியோ தொடர்ந்து ஒலிக்கும் உண்மையான முணுமுணுப்பையே இரைச்சல் என்று கருதி அழித்துவிடும். இரண்டையும் அணைத்துவிட்டு, ஒலியளவை ஒரு நிலையில் வைத்து, அந்த நிலையையே எல்லாப் பதிவுகளுக்கும் பின்பற்ற வேண்டும். ஸ்டெத்தஸ்கோப்பில் தாழ்ந்த ஒலிகளுக்கான நிலையும் உயர்ந்த ஒலிகளுக்கான நிலையும் தனித்தனியே இருந்தால், இரண்டையும் ஒருசேர ஏற்கும் அகன்ற நிலையில் வடிகட்டாமல் பதிவு செய்வதே நல்லது. பதிவான பிறகு எப்போது வேண்டுமானாலும் வடிகட்டலாம், பதிவின்போதே இழந்ததை மீட்க முடியாது.

இதயத்தின் மின்தூண்டல்களை வரைகோடாகக் காட்டும் ஈசிஜியையும் ஒருங்கே பதிவு செய்யும் கருவி கிடைத்தால், அதற்கு இணையான உதவி வேறில்லை. மேலறைகளின் தூண்டலைக் காட்டும் பி அலைக்குப் பின் நான்காம் ஒலி, கீழறைகளின் தூண்டலைக் காட்டும் க்யூஆர்எஸ் அலைத்தொகுதியோடு முதல் ஒலி, கீழறைகள் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்புவதைக் காட்டும் டி அலையின் முடிவையொட்டி இரண்டாம் ஒலி என்று ஒவ்வோர் ஒலிக்கும் உரிய அடையாளம் கண்ணெதிரே அமைந்துவிடும்.

குதிரையை நிறுத்துதல்

மூடிய, அமைதியான இடம் வேண்டும். மின்விசிறி, தண்ணீர்க் குழாய், பக்கத்து அறையில் தீவனம் மெல்லும் மற்றொரு குதிரை ஆகிய எல்லாமே பதிவில் வந்து சேரும். பதிவாகும் குதிரையும் அந்த நேரத்தில் எதையும் மென்றுகொண்டிருக்கக் கூடாது. பழகிய ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்து, பதிவு செய்பவர் நிற்கும் அதே பக்கத்தில் நிற்க வேண்டும். குதிரை புதிய மனிதரையும் கருவியையும் ஏற்றுக்கொண்டு அமைதியடையச் சில நிமிடங்கள் விட்டுவிட வேண்டும். பரபரப்பில் துடிப்பு 60ஐத் தாண்டினால், நீண்ட இடைவெளி சுருங்கி, சுருங்கும் காலத்தையும் விரியும் காலத்தையும் பிரித்தறிவது கடினமாகிவிடும்.

குதிரை நிற்கவில்லை என்பதற்காக மயக்க ஊசி போட்டுப் பதிவு செய்யும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. சைலசின், டெட்டோமிடின் போன்ற மருந்துகள் துடிப்பைக் குறைத்து, துடிப்புகள் தவறுவதையும் தாமே உண்டாக்குகின்றன. முணுமுணுப்பின் தன்மையும் மாறிவிடுகிறது. அப்படிக் கிடைக்கும் பதிவு மருந்தின் விளைவைத்தான் காட்டும்.

உலர்ந்த முடி ஸ்டெத்தஸ்கோப்பின் தட்டில் உரசும்போது எழும் சடசடப்பு, பதிவைக் கெடுக்கும் காரணங்களில் முதன்மையானது. வைக்கும் இடத்தை ஸ்பிரிட்டால் நனைத்து முடியைப் படியவைத்தாலோ, சிறிது அல்ட்ராசவுண்ட் ஜெல் தடவினாலோ அது பெரும்பாலும் அடங்கிவிடும். ஈ மொய்க்கும் நேரத்தில் குதிரையின் தோல் அடிக்கடி சிலிர்த்துக்கொள்ளும். ஒவ்வொரு சிலிர்ப்பும் பதிவில் ஒரு பேரோசையாகப் பதியும். அத்தகைய நேரத்தைத் தவிர்ப்பதே நல்லது.

இடங்களைக் கண்டறிதல்

குதிரையின் இதயம் மார்புக்கூட்டில் முன்புறமாக, முன்னங்காலின் பெருந்தசைக்கு அடியில் அமைந்திருப்பதால், பலரும் தட்டைப் போதிய அளவு முன்னே கொண்டுசெல்வதில்லை. இடது முன்னங்காலைச் சற்று முன்னே வைத்து நிற்கச் செய்து, முழங்கைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்தால் இதயத்தின் மோதலை உணரலாம். அந்த இடம் ஐந்தாம் விலா இடைவெளி. மிட்ரல் வால்வின் ஒலி அங்கே தெளிவாகக் கேட்கும், முதல் ஒலியும் அங்கேதான் வலுவாக இருக்கும். அங்கிருந்து ஒரு விலா இடைவெளி முன்னேயும் சற்று மேலேயும் நகர்ந்தால், தோள்முனையின் மட்டத்துக்குச் சிறிது கீழே, நான்காம் இடைவெளியில் பெருந்தமனி வால்வுக்குரிய இடம் வரும். இரண்டாம் ஒலி அங்கே ஓங்கி ஒலிப்பதைக் கொண்டே சரியான இடத்தை அடைந்துவிட்டதை அறியலாம். இன்னும் ஓர் இடைவெளி முன்னே, சற்றுத் தாழ்வாக, தட்டைத் தசைக்கு அடியில் நன்றாக நுழைத்தால் நுரையீரல் தமனி வால்வின் இடம். வலப்பக்கத்தில் மூன்றாம், நான்காம் இடைவெளிகளில் மூவிதழ் வால்வின் ஒலியைக் கேட்க வேண்டும்.

வலப்பக்கத்தை விட்டுவிடுவது மிகப் பரவலான குறை. மூவிதழ் வால்வின் கசிவும், கீழறைகளுக்கு இடையிலான சுவரில் பிறவியிலேயே அமைந்த ஓட்டையும் வலப்பக்கத்தில்தான் உரக்கக் கேட்கும். இடப்பக்கம் மட்டும் கேட்டவருக்கு அந்தக் குதிரை நலமானதாகவே தோன்றிவிடலாம்.

பதிவு செய்தல்

ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். துடிப்பில் ஒழுங்கின்மை தெரிந்தால், ஏதேனும் ஓரிடத்தில் மூன்று நான்கு நிமிடங்கள் தொடர்ந்து பதிவு செய்வது பயன் தரும். பதிவின் தொடக்கத்தில் குதிரையின் அடையாளம், நாள், பக்கம், இடம் ஆகியவற்றை வாயால் சொல்லிப் பதிந்துவிட்டால், பின்னர் கோப்புகள் இடம் மாறினாலும் குழப்பம் வராது. ஒரு கை தட்டைப் பிடித்திருக்க, மற்றொரு கையால் கீழ்த்தாடையின் ஓரத்தில் ஓடும் முகத் தமனியின் நாடியை உணர்ந்தபடியே, நாடி எழும் கணத்தில் மெல்ல ஒரு சொல் சொல்வது எளிய, ஆனால் மிகப் பயனுள்ள பழக்கம். நாடி எப்போதும் முதல் ஒலிக்குச் சற்றுப் பின் வருவதால், ஈசிஜி இல்லாத பதிவிலும் எது முதல் ஒலி என்பது உறுதியாகிவிடும். தாடையை ஒருவராகவே எட்ட முடியாவிட்டால், தலைக்கயிற்றைப் பிடித்திருப்பவர் நாடியைப் பார்த்துச் சொல்லலாம்.

ஓய்வுப் பதிவு முடிந்தபின், குதிரை நலமாக இருந்து மருத்துவரும் இசைந்தால், சில நிமிடங்கள் ஓடவிட்டு உடனே மீண்டும் ஒரு பதிவு எடுக்க வேண்டும். ஓய்வில் புரியாத பல செய்திகள் இந்த இரண்டாம் பதிவில்தான் விளங்குகின்றன.

பதிவைக் கேட்கும்போது கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியை நம்பக் கூடாது. மூன்றாம், நான்காம் ஒலிகள் மிகத் தாழ்ந்த அலைவெண்ணில் அமைந்தவை. அந்தச் சிறு ஒலிபெருக்கியால் அவற்றை எழுப்பவே முடியாது. காதை நன்கு மூடும் ஹெட்ஃபோனில் கேட்பதோடு, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அலைவடிவத்தை விரித்துக் கண்ணாலும் பார்க்க வேண்டும்.

பொருள் காணுதல்: முதலில் ஒழுங்கு

முணுமுணுப்பைத் தேடுவதற்கு முன் துடிப்பின் ஒழுங்கைத் தீர்மானிக்க வேண்டும். பயிற்சி பெற்ற, நலமான குதிரைகள் பலவற்றில், ஓய்வில் அவ்வப்போது ஒரு துடிப்பு தவறும். மேலறை சுருங்குகிறது, ஆனால் அந்தத் தூண்டல் கீழறையை எட்டுவதில்லை. இதை இரண்டாம் நிலை ஏவி பிளாக் என்பர். பதிவில் இதன் அடையாளம் அழகானது: நீண்ட இடைவெளியின் நடுவே, உரிய நேரத்தில், நான்காம் ஒலி மட்டும் தனியே வந்து நிற்கும், அதைத் தொடர்ந்து வரவேண்டிய முதல் ஒலி வராது. மூன்று அல்லது நான்கு துடிப்புகளுக்கு ஒருமுறை என்று பெரும்பாலும் ஒரு கணக்கோடு இது நிகழும். ஓடவிட்டபின் எடுத்த பதிவில் இது முற்றிலும் மறைந்துவிட்டால் கவலைக்கு இடமில்லை. ஓடியபின்னும் நீடித்தால் மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இதற்கு நேர்மாறானது. மேலறைகள் ஒருங்கே சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருப்பதால் நான்காம் ஒலி எங்குமே இருக்காது. துடிப்புகளுக்கு இடையிலான காலம் எந்தக் கணக்குக்கும் அடங்காது. முதல் ஒலியின் வலிமையும் துடிப்புக்குத் துடிப்பு மாறும். இதில் ஏமாற்றும் கூறு ஒன்று உண்டு: வேறு இதய நோய் இல்லாத குதிரையில், ஓய்வு நேரத் துடிப்பு இயல்பான எண்ணிக்கையிலேயே இருக்கக்கூடும். எண்ணிக்கை 40 என்பதைக் கண்டு நிறைவடைந்து போனவர் இதைத் தவறவிடுவார். அலைவடிவத்தில் அடுத்தடுத்த பத்து இடைவெளிகளை அளந்து எழுதிப் பார்த்தால் ஐயம் தீரும்: ஏவி பிளாக்கில் நீண்ட இடைவெளி குறுகியதைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருக்கும், இங்கே எந்த உறவும் தென்படாது. கடும் ஓட்டத்துக்குப் பின் திடீரெனத் தோன்றும் ஃபிப்ரிலேஷன் சில வேளைகளில் ஓரிரு நாள்களில் தானே சரியாவதுண்டு என்பதால், மறுநாள் மீண்டும் பதிவு செய்வது முக்கியம். உறுதிப்படுத்தல் ஈசிஜியால் மட்டுமே. அதுவரை அந்தக் குதிரையின் மீது ஏறிச் செல்லக் கூடாது.

ஓய்வில், வலியோ காய்ச்சலோ பரபரப்போ இல்லாதபோதும், துடிப்பு 60க்கு மேலேயே நிலைத்திருந்தால், முணுமுணுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உடனடிக் கவனத்துக்குரியது. குட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பிறந்த முதல் வாரத்தில் 80 முதல் 100 வரை துடிப்பது இயல்பே.

முணுமுணுப்புகள்

முணுமுணுப்பு என்பது ஒலிகளுக்கு இடையே அமைதியாக இருக்க வேண்டிய காலத்தில் கேட்கும் இரத்தச் சுழலின் ஒலி. அதை ஆராயும்போது முதலில் கேட்க வேண்டியது எப்போது என்பது, அடுத்தது எங்கே, அதன்பின் எவ்வளவு நேரம், எந்த வடிவத்தில் என்பவை. எவ்வளவு உரக்க என்ற கேள்வி கடைசியில்தான் வரவேண்டும். பழக்கமில்லாதவர்கள் உரத்த ஒலியைக் கண்டு அஞ்சி, மெல்லிய ஒலியைக் கண்டு அமைதி கொள்கிறார்கள். குதிரையைப் பொறுத்தவரை இந்தப் பழக்கம் இரு திசையிலும் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

சுருங்கும் காலத்தில், இடப்பக்கம் பெருந்தமனி, நுரையீரல் தமனி வால்வுகளுக்குரிய இடங்களில், மெல்லத் தொடங்கி உயர்ந்து, இரண்டாம் ஒலிக்கு முன்பே அடங்கிவிடும் முணுமுணுப்பு, பெரும்பாலும் இரத்தம் விரைந்து வெளியேறுவதால் மட்டுமே எழுவது. வயிற்றுவலி, காய்ச்சல், இரத்தசோகை ஆகியவற்றின்போது இது தோன்றி, குணமானதும் மறைவதுண்டு. அதுவே முதல் ஒலியில் தொடங்கி இரண்டாம் ஒலி வரை ஒரே அகலப் பட்டையாக, இடப்பக்கம் முழங்கைக்கு அருகே மிக வலுவாகக் கேட்டால், மிட்ரல் வால்வின் கசிவை ஐயுற வேண்டும். சுருங்கும் காலத்தின் பிற்பகுதியில் தொடங்கி உயர்ந்துகொண்டே போய் இரண்டாம் ஒலியில் முடிவது, வால்வின் இதழ் மேலறைப் பக்கம் துருத்துவதைக் காட்டக்கூடும். வலப்பக்கத்தில் கேட்கும் பட்டை வடிவ முணுமுணுப்பு மூவிதழ் வால்வின் கசிவாக இருக்கலாம். ஓட்டப் பயிற்சி பெற்ற குதிரைகளில், செயல்திறனுக்குக் குறைவின்றியே இது அடிக்கடி காணப்படுகிறது. ஆனால் வலப்பக்கத்தில் கரகரப்பாகவும் மிக உரக்கவும் கேட்பதோடு, இடப்பக்கத்தில் நுரையீரல் தமனி இடத்திலும் சற்று மெலிந்து கேட்டால், கீழறைச் சுவரில் உள்ள ஓட்டையை நினைக்க வேண்டும். ஓட்டை சிறிதாக இருக்கும்போது இரத்தம் மிகுந்த வேகத்தில் பாய்வதால் ஒலி பெரிதாகவே இருக்கும். உரத்த ஒலி கேட்டதும் பெரிய ஓட்டை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

விரியும் காலத்து முணுமுணுப்புகளில், பத்து வயதைக் கடந்த குதிரைகளில் அடிக்கடி கேட்பது பெருந்தமனி வால்வின் கசிவு. இரண்டாம் ஒலியில் தொடங்கி, நீண்ட இடைவெளி நெடுகிலும் மெல்ல மெல்லத் தேய்ந்து செல்லும். சில குதிரைகளில் ரீங்காரம்போல் இசைத்தன்மையுடன் ஒலிக்கும். இதன் தீவிரத்தை அறிய, பதிவைவிட விரல்களே சிறந்த கருவி. முகத் தமனியின் நாடி துள்ளி எழுந்து சட்டென்று விழுந்தால் கசிவு கணிசமானது. நாடி இயல்பாக இருந்தால், முணுமுணுப்பு எவ்வளவு உரக்க இருந்தாலும் கசிவு சிறிதாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. எனவே நாடியின் தன்மையை ஒவ்வொரு பதிவோடும் குறித்து வைப்பது கட்டாயம். இளங்குதிரைகளில் இரண்டாம் ஒலிக்கும் மூன்றாம் ஒலிக்கும் நடுவே குறுகிய, உயர்ந்த கீச்சொலி ஒன்று கேட்பதுண்டு. நிரம்பும் இரத்தத்தின் விரைவால் எழுவதாகக் கருதப்படும் இது நோய் அன்று.

புதிதாகப் பிறந்த குட்டியில், இரு காலங்களிலும் இடைவிடாது தொடரும் முணுமுணுப்பு, கருவில் இருந்தபோது பயன்பட்ட இரத்த இணைப்பு இன்னும் மூடாததால் கேட்பது. முதல் சில நாள்களில் அது தானே நின்றுவிட வேண்டும். வளர்ந்த குதிரையில் துடிப்போடு ஒத்து வரும் உரசல் ஒலியோ, எல்லா இடங்களிலும் ஒலிகள் மங்கிக் கேட்பதோ இதய உறையின் அழற்சியைச் சுட்டலாம். இதில் காலம் தாழ்த்தக் கூடாது.

ஒலியின் வலிமையை ஆறு தரங்களாகக் குறிப்பது வழக்கம். அமைதியில் கூர்ந்து கேட்டால் மட்டுமே புலப்படுவது முதல் தரம். மெல்லியதாயினும் தட்டை வைத்ததும் கேட்பது இரண்டாம் தரம். மிதமானது மூன்றாவது, உரத்தது நான்காவது. கையால் தொட்டாலே அதிர்வு உணரப்பட்டால் ஐந்தாம் தரம். தட்டு மார்பைத் தொடாமல் சற்று விலகியிருக்கும்போதும் கேட்டால் ஆறாம் தரம். இந்தத் தரத்தைக் குதிரையின் அருகில் நின்று கேட்கும்போதே எழுதிவிட வேண்டும். பதிவைப் பின்னர் கேட்டுத் தரம் குறிப்பது பொருளற்றது. ஒலிபெருக்கியின் திருகைச் சற்றுத் திருப்பினாலே தரம் மாறிவிடும்.

பதிவுகளை ஒப்பிடுதல்

ஒரே குதிரையின் பழைய பதிவையும் புதிய பதிவையும் ஒப்பிடும்போது, துடிப்பின் எண்ணிக்கை ஏறத்தாழ சமமாக இருக்கும் பகுதிகளை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். 34இல் எடுத்ததையும் 56இல் எடுத்ததையும் அருகருகே வைத்தால், நோயில் மாற்றமே இல்லாவிட்டாலும் எல்லாமே மாறியதுபோல் தோன்றும். முணுமுணுப்பு எடுத்துக்கொள்ளும் கால அளவு கூடியிருக்கிறதா, முன்பு ஓரிடத்தில் மட்டும் கேட்டது இப்போது பல இடங்களில் கேட்கிறதா, மூன்றாம் ஒலி முன்பைவிட வலுத்திருக்கிறதா என்பவை ஒப்பிடத் தக்கவை. கணிசமான மிட்ரல் கசிவில் கீழறைக்குள் மிகுதியாக இரத்தம் வந்து நிரம்புவதால் மூன்றாம் ஒலி ஓங்குகிறது. ஆகவே அதன் வளர்ச்சி, முணுமுணுப்பின் உரப்பைவிடப் பெரிய செய்தி.

மூன்றாம் தரத்துக்குக் குறையாமல் சுருங்கும் காலம் முழுவதும் நீடிக்கும் முணுமுணுப்பு, விரியும் காலம் முழுவதும் நீடிக்கும் எந்த முணுமுணுப்பும், ஓடியபின்னும் மாறாத ஒழுங்கின்மை, ஓட்டத்தில் இளைப்பு, தள்ளாட்டம் அல்லது சரிந்து விழுதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், எக்கோ பரிசோதனையும் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) ஓடும்போது எடுக்கும் ஈசிஜியும் தேவைப்படும். அப்போது மருத்துவருக்கு அனுப்பும் உறையில் வடிகட்டாத மூலக் கோப்புகள், ஒவ்வொன்றும் எடுக்கப்பட்ட இடம், அந்நேரத்துத் துடிப்பு எண்ணிக்கை, நாடியின் தன்மை, நேரில் குறித்த தரம், குதிரை அப்போது உட்கொண்டிருந்த மருந்துகள் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். வடிகட்டிய படியையும் சேர்த்து அனுப்பினால், எந்த அலைவெண்ணில் வடிகட்டப்பட்டது என்பதையும் அதன் பெயரிலேயே குறித்துவிட வேண்டும்.